வடக்கு வராந்தாவின் ஆறு ஓட்டைகள்

ஈர சிமெண்ட் வாசனை உனக்குப் பிடிக்காது. உன்னால் எனக்கும் பிடிக்காமல் போனது. குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள் காலை, வெயில் காலம் வந்துவிட்டதே, ஃபேன்களுக்கு எண்ணெய் விடலாம் என்று ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு கதீட்ரல் கேட்டுக்குள் நுழைந்தேன். வடக்கு வராந்தா பக்கமிருந்து அந்த வாசனை வந்தது. ஏணியைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். இந்த முட்டிவலியோடு நான் ஓடியதை நீ பார்த்திருந்தால் ஒரு மாதம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பாய். சாரத்தின் மேல் ஒரு மேஸ்திரி நின்று, கரண்டியால் சுவரை மொழுகிக்கொண்டிருந்தார். ஆறு ஓட்டைகளில் இரண்டைக் காணோம்.

நீ கண்ணை மூடி முழுசாக ஒரு வருஷம் ஆகவில்லை. அதற்குள் கை வைத்துவிட்டார்கள். இதை யாரிடம் போய்ச் சொல்வேன், சொல்! வீட்டில் சொன்னால், "சுவத்துல ஓட்டைய அடைச்சா நல்லதுதானே, பல்லி வராது" என்கிறாள். அதனால்தான் உனக்கே எழுதுகிறேன். படிக்க முடியாது என்று தெரியும். தெரிந்தால் என்ன, எழுதக்கூடாதா?

நம் முதல் சண்டையே இந்த ஓட்டையால்தான் வந்தது. முப்பது வருஷம் இருக்குமா? அதற்கு மேலேயே இருக்கும். ஸ்ரீராம்புரத்திலிருந்து சைக்கிளில் வயர் சுருளைக் கட்டிக்கொண்டு வந்தேன். அதுவரை அந்தக் கட்டடத்தின் படியைக்கூட நான் மிதித்ததில்லை. என் அப்பா அந்த ரோட்டைக் கூட்டியவர். சின்ன வயதில் அவருக்குச் சோறு கொண்டுபோனால், காம்பவுண்டு சுவரில் சாய விடமாட்டார். "தொர கோயிலு, சாயாத" என்பார். துரைகள் போய் எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அவருக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை. எங்கள் வீட்டில் இருப்பது புத்தர் படம். எனக்கு அந்தக் கோபுரமும் தெரியாது, உள்ளே என்ன நடக்கும் என்பதும் தெரியாது. ஃபேன் தெரியும், அவ்வளவுதான்.

நீ அங்கே செக்ஸ்டன். மணி அடிப்பது, கதவு திறப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, பெஞ்சு துடைப்பது எல்லாம் உன் வேலை. பழைய வயரிங்கை எல்லாம் பிடுங்கிப் புதிதாகப் போட்டேன். வடக்குச் சுவரில், ஆள் உயரத்துக்கு மேலே, வரிசையாக ஆறு ஓட்டை. ஒரு கொய்யாப்பழம் நுழையும் அளவு. யாரோ எனக்காகவே போட்டுவைத்தது போல இருந்தது. ஐந்தில் வயரை விட்டு வேலையை முடித்தேன். மூன்றாவது ஓட்டை தேவைப்படவில்லை. குருவி கூடு கட்டி வைக்கோலாகத் தொங்கியது. அசிங்கமாக இருக்கிறதே என்று சிமெண்டு குழைத்து அடைத்து, சுண்ணாம்பும் அடித்து, தடமே தெரியாமல் பண்ணினேன். பெருமையோடு உன்னைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

நீ மேலே பார்த்தாய். எண்ணினாய். மறுபடி எண்ணினாய்.

"இன்னாய்யா பண்ணி வெச்சிருக்க?"

"ஓட்டைய அடைச்சேன். அது ஃப்ரீ சர்வீஸ்."

"உன் ஃப்ரீ சர்வீஸ்ல மண்ண போட! யாரக் கேட்டு அடைச்ச? எங்க முப்பாட்டன் கயிறு போன வழிடா அது!"

நான் திருதிருவென்று முழித்தேன். அப்புறம் நீயே அந்த வராந்தாத் தரையில் என்னை உட்காரவைத்துச் சொன்னாய். கரண்ட் வராத காலத்தில் பெஞ்சுகளுக்கு மேலே நீளநீளமாகத் துணி கட்டிய பங்கா தொங்குமாம். ஒவ்வொரு பங்காவின் கயிறும் ஓட்டை வழியாக வெளியே வருமாம். வெளியே ஆறு பேர் தரையில் உட்கார்ந்து இழுத்துக்கொண்டே இருக்கவேண்டும். உள்ளே துரைமார், துரைசானிமார், பட்டாளத்து ஆபீசர்கள், பதவி வரிசைப்படி பெஞ்சு. வெளியே, பட்டாளத்தோடு வேலூர், ஆற்காடு பக்கமிருந்து இந்தக் கன்னட ஊருக்கு வந்த நம் ஜனம். அதில் உன் முப்பாட்டனும் ஒருவர். ஞானஸ்நானம் வாங்கியவர்தான். ஆனால் அந்தக் கதவு அவருக்கு இல்லை. தமிழ்க்காரர்களுக்கு வேறு கோயில், தள்ளி. "காலைல இங்க காத்து, மத்தியானம் அங்க கர்த்தர்" என்றாய். சொல்லிவிட்டு நீயே சிரித்தாய், நான் சிரிக்கலாமா என்று தெரியாமல் இருந்தேன்.

மறுபடி ஏணி ஏறினேன். ஸ்க்ரூ டிரைவரை வைத்து என் சிமெண்டை நானே தோண்டினேன். நல்ல கலவை போட்டிருந்தேன், பாவி. இரண்டு மணி நேரம் ஆனது. கடைசியில் விரலை விட்டு மிச்சத்தை வழித்தபோதுதான் அது தட்டுப்பட்டது. ஓட்டையின் வாயில் ஒரு கருங்கல் வளையம். அதன் கீழ் உதட்டில், வெளிப்பக்கமாக, வழவழவென்று ஒரு பள்ளம். கிணற்றுக் கல்லில் கயிறு தேய்த்துத் தேய்த்து விழுமே, அதே பள்ளம். என் சுண்டுவிரல் முழுசாக அதில் படுத்தது. மேலே எத்தனையோ தடவை சுண்ணாம்பு அடித்து மறைந்துபோனதால் கண்ணுக்குத் தெரியவில்லை, விரலுக்குத்தான் தெரிந்தது.

உன்னைக் கூப்பிட்டேன். நீயும் ஏறினாய். விரலை வைத்தாய். எடுக்கவே இல்லை. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த எனக்குக் கை வலித்தது. "என்னய்யா, அங்கேயே இருந்துட்டியா?" என்றேன். நீ இறங்கி, முகத்தை அங்கியால் துடைத்துக்கொண்டு, "கல்லே தேஞ்சிருக்குடா. கை இன்னா ஆயிருக்கும்?" என்று மட்டும் கேட்டாய். அன்றைக்கு எனக்கு மசாலா வைக்காத காலி தோசை வாங்கிக் கொடுத்தாய். அதிலிருந்து நான் உன் ஃபேன்காரன்.

உள்ளே சுவரெல்லாம் பேர். பித்தளையில் பேர், சலவைக்கல்லில் பேர். காய்ச்சலில் செத்த லெப்டினன்ட், குதிரையிலிருந்து விழுந்த கேப்டன், குழந்தை பெற்றுச் செத்த துரைசானி. பார்க்க வருகிறவர்களுக்கு அதையெல்லாம் உன் இங்கிலீஷில் ரயில் வேகத்தில் சொல்லி முடிப்பாய். அப்புறம் அவர்களை வடக்கு வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்துவாய். அங்கே வந்ததும் உன் வேகம் குறைந்துவிடும். ஒருமுறை சீமையிலிருந்து ஒரு கிழத் தம்பதி தங்கள் தாத்தாவின் பேரைத் தேடிக்கொண்டு வந்தார்கள். கண்டுபிடித்து அழுதார்கள். நீ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, உட்காரவைத்து, அழுகை நின்றதும் வெளியே கூட்டிவந்தாய். "உங்க தாத்தாவுக்குக் காத்து போட்டது எங்க தாத்தா" என்றாய். சண்டையாகச் சொல்லவில்லை, உறவுமுறை சொல்வது போலச் சொன்னாய். அந்த மனுஷன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

உனக்கு அந்தக் கட்டடத்தின் மேல் கோபமா, ஆசையா என்று எனக்குக் கடைசிவரை புரியவில்லை. கேட்டால் இடுப்புச் சாவிக்கொத்தை ஆட்டிக் காட்டுவாய். "முப்பாட்டன உள்ள விடல. இப்ப சாவி என்கிட்ட. நான் தொறக்கலன்னா பிஷப்பும் வெளியதான்" என்பாய். ஊர் அடைந்து கிடந்த அந்தக் கொரோனா மாதங்களில், உள்ளே ஒரு ஆள் இல்லாதபோதும் ஞாயிறு தவறாமல் மணி அடித்தாய். யாருக்கு அடிக்கிறாய் என்றேன். "கேக்கறவன் வூட்ல இருந்து கேட்டுக்குவான்" என்றாய். காம்பவுண்டில் அண்டா வைத்துச் சாம்பார் சாதம் கிண்டினார்களே, வரிசையில் நின்ற பீகார்க்காரனிடம் யாராவது எந்தச் சாமி கும்பிடுகிறாய் என்று கேட்டார்களா? கிறிஸ்துமஸ் பாட்டுக்கு ஊரே வரும். மலையாளி, கன்னடத்தார், நாகா பிள்ளைகள், பர்தா போட்ட அம்மாக்கள், எல்லாரும் என் ஃபேனுக்குக் கீழேதான். "நீ ஜெபமே பண்ணாத ஆளு. ஆனா நீ வந்தாத்தான் ஆண்டவர் வூட்ல காத்து" என்று எல்லார் எதிரிலும் என்னைக் கிண்டல் பண்ணுவாய்.

சரி, அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

மேஸ்திரி ஹெப்பகோடியிலிருந்து வந்தவர், தர்மபுரிப் பக்கத்து ஆள். "எறங்குய்யா கீழ!" என்று கத்தினேன். அவர் பயந்துபோய் இறங்கிவிட்டார். நான் சாரத்தில் ஏறி, ஈரம் காய்வதற்குள் இரண்டு ஓட்டையையும் கையாலேயே வழித்து எறிந்தேன். என் சட்டை, மூஞ்சி எல்லாம் சிமெண்டு.

"அண்ணா, நான் கூலிக்கு வந்தவன். செகரட்டரி சார் சொன்னாருண்ணா."

"அவரக் கூப்புடு."

கூப்பிடாமலே வந்தார். புதுச் செகரட்டரியை உனக்குத் தெரியாது. பேங்கில் ஆபீசராக இருந்து ரிடையர் ஆனவர். நம் தமிழ்க்காரர்தான், அதுதான் வயிற்றெரிச்சல். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு எனக்குப் பத்தடி தள்ளி நின்றார்.

"என்ன பண்றீங்க? ரெனவேஷன் நடக்குது. அந்த ஓட்டைல பொறா வருது, மழைத் தண்ணி எறங்குது. அடைக்கணும்னு கமிட்டி முடிவு."

"அது பங்காக் கயிறு போன ஓட்டை சார். அத அடைக்கக்கூடாது."

"பங்காவா? காத்து வர்றதுக்கு வெச்ச ஓட்டையா இருக்கும். எந்த ரெக்கார்டுலயும் பங்கான்னு இல்ல."

"செக்ஸ்டன் சொல்லியிருக்காரு."

"அவர் நல்ல மனுஷன்னுதான் சொல்றாங்க, பாவம், நெறைய கத சொல்லுவாராம். இங்க பாருங்க, இது எங்க சர்ச். நீங்க ஃபேன் பாக்க வந்தவரு. நீங்க சர்ச் மெம்பரும் இல்ல. நீங்க யாரு கேக்க?"

 கையில் ஒட்டியிருந்த சிமெண்டைச் சட்டையில் துடைத்துக்கொண்டேன். காம்பவுண்டு சுவரில் சாயாதே என்று சொன்ன என் அப்பாவின் குரல்தான் காதில் கேட்டது. நாளைக்கு ஆராதனை முடிந்து கமிட்டி கூடுகிறது, அங்கே வந்து பேசுங்கள் என்றார். அதுவரை மேஸ்திரியை நிறுத்திவைத்ததற்கு அவருக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

நேராக விவேக் நகருக்கு, உன் வீட்டுக்குப் போனேன். உன் வீட்டம்மா என் கோலத்தைப் பார்த்து, "அய்யோ அண்ணா, எங்க விழுந்தீங்க?" என்று துண்டை எடுத்துக் கொடுத்தார். உன் முப்பாட்டன் பேர் என்ன என்று கேட்டேன். பேர் ஒன்று இருந்தால் போதும், செகரட்டரி முகத்தில் அடிப்பது போலச் சொல்லலாம் என்று இருந்தது. அவர் உன் பைபிளைத் திறந்து, முதல் பக்கத்தில் உன் அப்பா எழுதிவைத்த பிறப்பு இறப்பு வரிசையைப் பார்த்தார். உன் தாத்தா வரை இருந்தது. அதற்கு மேலே இல்லை.

"அவருக்கே தெரியாதுண்ணா. பங்காத் தாத்தா, பங்காத் தாத்தான்னுதான் அவங்க வூட்ல சொல்லுவாங்க. பேரு கேட்டா அவருக்குக் கோவம் வந்துடும்."

முப்பது வருஷப் பழக்கத்தில் இதை ஒரு நாளாவது என்னிடம் சொன்னாயா? எத்தனை பேரைக் கூட்டிவந்து அந்த வராந்தாவில் நிறுத்தினாய்! யாராவது பேர் கேட்டுவிடுவார்களோ என்று ஒவ்வொரு முறையும் பயந்திருப்பாயா? அதை நினைத்ததும் உன் வீட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதேன். உன் வீட்டம்மா கொடுத்த காபி ஆறிப்போய்விட்டது.

மறுநாள் ஆராதனை முடிந்தது. எல்லாரும் குருத்தோலையைக் கையில் பிடித்துக்கொண்டு போனார்கள். கமிட்டிக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். ஆராதனை நடத்திய ஆயரும் இருந்தார். நான் உட்காரவில்லை, மெயின் போர்டு பக்கத்தில் என் வழக்கமான இடத்தில் நின்றேன். செகரட்டரி ஒரே ராத்திரியில் ஒரு சமாதானம் கண்டுபிடித்து வந்திருந்தார். ஓட்டைகளை அடைத்துவிடுவது. அதன் மேல் ஒரு பித்தளைப் பலகை, 'பங்கா இழுத்தவர்கள் நினைவாக' என்று. எல்லாரும் தலையாட்டினார்கள். ஒரு அம்மா, பேர் போட்டால் இன்னும் நன்றாக இருக்குமே, அவர் பேர் தெரியுமா என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நல்ல மனசோடுதான் கேட்டார்.

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ! திரும்பினேன். மெயின் ஸ்விட்சை இறக்கினேன். இருபத்தெட்டு ஃபேனும் மெதுவாகச் சுற்றி நின்றன. ஏப்ரல் மாதத்துப் பகல், உனக்குத் தெரியாததா? ஒரு நிமிஷத்தில் கர்ச்சீப் எடுத்தார்கள். ரெண்டு நிமிஷத்தில் குருத்தோலையால் விசிறிக்கொண்டார்கள்.

"என்னங்க இது, கரண்ட் போச்சா?"

"கரண்ட் போகல. நான் நிறுத்தினேன்" என்றேன். "முப்பது வருஷமா இந்த ஃபேன் ஓடுது. நான் யாருன்னு நேத்துதான் கேட்டீங்க. நின்னாத்தான் கேக்கறீங்க. அவங்களும் அப்படித்தான், கயிறு நின்னா மட்டும்தான் வெளிய ஆள் இருக்கான்னு உள்ள தெரியும். பேரு கேக்கறீங்களேம்மா, பேரு இல்லம்மா. வூட்லயே இல்ல. பேரு இருக்கறவங்களுக்குப் பலகை வெச்சீங்க, நல்லா இருக்கட்டும். பேரு இல்லாதவன் விட்டுட்டுப் போனது அந்த ஓட்ட ஒண்ணுதான். அதையும் அடைச்சு, அது மேல ஒரு பித்தளையத் தட்டி, நாங்க நெனச்சுட்டோம்னு சொல்லுவீங்களா?"

"காத்துக்கு வெச்ச ஓட்டையா, பங்கா ஓட்டையான்னே தெரியலியே" என்றார் செகரட்டரி.

"வாங்க சார். ஏணி இருக்கு. ஏறிப் பாருங்க."

ஆயர்தான் முதலில் எழுந்தார். அவர் எழுந்ததும் எல்லாரும் வராந்தாவுக்கு வந்தார்கள். செகரட்டரி ஏணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஷூவைக் கழற்றிவிட்டு ஏறினார். ஏணி ஆடியது, நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். விழுந்து தொலைத்தால் அதற்கும் நான்தான் காரணம் என்பார்களே! "விரல உள்ள விடாதீங்க சார், கீழ் ஒதட்டுல வெச்சுத் தடவுங்க" என்றேன். தடவினார். நின்றார். அடுத்த ஓட்டைக்கு ஏணியை நகர்த்தச் சொன்னார். நகர்த்தினேன். ஆறிலும் ஏறினார்.

"காத்து தேச்சா கல்லு இப்படிக் குழியுமா சார்?" என்று கீழேயிருந்து கேட்டேன். அவர் இறங்கி ஷூவைப் போட்டுக்கொள்ள ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை முடிவைச் சொல்ல ஆபீசுக்குக் கூப்பிட்டார். ஆறு ஓட்டையும் திறந்தே இருக்கும். புறா வராமல் உள்பக்கம் வலை மட்டும் கட்டுவார்கள். பலகை கிடையாது. மேஸ்திரியிடமும் சொல்லியாகிவிட்டது. நான் பெருமூச்சு விடுவதற்குள் அடுத்ததைச் சொன்னார். கமிட்டி நடக்கும்போது மெயினை இறக்கியது ஒழுங்கீனம். மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் தொடரலாம், இல்லாவிட்டால் மெயின்டனன்ஸை ஒரு கம்பெனிக்குக் கொடுக்கப்போகிறார்கள்.

மன்னிப்பா? நானா? மெயின் போர்டுச் சாவியை மேஜைமேல் வைத்தேன். "நக்கோ சார், வேணாம்" என்றேன். உன்னோடு பழகிய பழக்கம், வாயில் தானாக வந்துவிட்டது. அவருக்குச் சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டதைப் பார்த்தேன்.

உன்னிடம் என்ன மறைப்பது, வருத்தம்தான்.  எந்த ஃபேனுக்குக் கண்டன்சர் வீக், எந்த ராடு காற்றில் ஆடும், பிரசங்க மேடைக்கு மேலிருப்பது ஏன் நாலு சுற்றுக்கு ஒரு தரம் முனகும் என்றெல்லாம் அந்தக் கம்பெனிக்காரனுக்கு எப்போது தெரியப்போகிறது? தெரியாமல் போகட்டும். அவன் வயர் இழுக்கும்போது அந்த ஓட்டையில் விரல் படும். பட்டால் போதும். நாளைக்கு வேறு கமிட்டி வரும், வேறு செகரட்டரி வருவார், மறுபடி சிமெண்டு குழைப்பார்கள். நான் இருந்தால் நான் போய் நிற்பேன். இல்லாவிட்டால் வேறு எவனாவது நிற்பான். அடைக்க அடைக்கத் தோண்ட ஆள் இருப்பார்கள் என்று செகரட்டரியிடமே சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

ஈஸ்டர் அன்று காலை குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். ஏணியும் வேலையும் இல்லாமல் அந்தக் கேட்டுக்குள் நுழைந்தது அதுதான் முதல் தடவை. காம்பவுண்டு சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு ஒரு பீடி குடித்தேன், அப்பாவுக்காக. பிறகு பெரிய கதவு வழியாக, நடுப்பாதையில், நேராக நடந்தேன். இத்தனை வருஷத்தில் அந்தப் பெஞ்சு எதிலும் நான் உட்கார்ந்ததில்லை. நீயும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கூட்டம் நிரம்பி வழிந்தது. முன்னாலிருந்து மூன்றாவது வரிசையில் ஒரு ஆள் உட்காரும் இடம் இருந்தது. பக்கத்தில், நடுப்பாதை ஓரமாக, பட்டுப்புடவை கட்டிய ஒரு வயதான அம்மா. எனக்கு அவரைத் தெரியும், அவர் தலைக்கு மேலே ஓடிய ஃபேனுக்கு நான்தான் இரண்டு முறை காயில் கட்டினேன். அவருக்கு என்னைத் தெரியவில்லை. ஏற இறங்கப் பார்த்தார்.

"புதுசா வர்றீங்களா? நீங்க யாரு வூட்டு ஆளு?"

"பங்கா இழுத்தவங்க வூட்டு ஆளும்மா" என்றேன்.

அந்த அம்மா பாட்டுப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, முழங்காலை ஒதுக்கி வழிவிட்டார். நான் உள்ளே போய் உட்கார்ந்தேன்.